கஞ்சி போட்ட ஒலி

பழைய ஒலிபெருக்கியின் துணி விளிம்பில் தச்சுப்பசையைத் தடவுவதைப் பழுதுபார்த்தல் என்று நாம் ஏற்பதற்கில்லை. கூம்புத்தாளைச் சட்டத்தோடு பிணைக்கும் அத்துணி காற்றை அடைக்கவும் வேண்டும். தடையின்றி அசையவும் வேண்டும். ஆகவேதான் இறுகாத பிசுபிசுப்புப் பூச்சை அதற்கு இட்டார்கள். அது உலர்ந்து விறைத்தால் கூம்பின் இயல்பதிர்வெண் உயர்கிறது. மிருதங்கத்தின் தொப்பியொலி முதலில் மங்குகிறது.

நெசவூரான சென்னிமலைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறியின் உரசலைத் தாங்கவே பாவுக்குக் கஞ்சி. விளிம்புக்கு வேண்டியது நேரெதிர்: பழம்பூச்சைக் கரைப்பானால் இளக்கி, காய்ந்தும் நெகிழும் பூச்சை மெல்லியதாய் இடுவது. நுரை விளிம்பு உதிர்ந்திருந்தால் பூச்சு உதவாது; மாற்றவே வேண்டும்.

தூக்கி எறிவோரினும் பசை தடவுவோரே ஆபத்தானவர்கள். எறிந்தது பழைய இரும்புக்கடையிலிருந்தாவது மீளும். இறுகிய பசையை உரித்தாலோ, துணியோடு கூம்பும் கிழியக்கூடும்.