சுசீலாவுக்கு என்ன நினைவு?

'நினைவுப்பாதை' நாவலை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, இரண்டு முறை பாதியிலேயே மூடி வைத்தவள் நான். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த நகுலன் எழுதி, 1972-ல் வெளிவந்தது. கதை என்று சொல்ல அதிகமில்லை. நவீனன் என்ற எழுத்தாளனின் நினைவுகள் முன்னும் பின்னுமாக ஓடுகின்றன. 'இதென்ன, தலையும் புரியலை, வாலும் புரியலையே' என்று அலுத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை படிக்க வைத்தவர் என் மாமியார். அவருக்கு ஞாபக மறதி நோய். காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துவிடும். எப்போதோ செத்துப்போன பசுவுக்கு 'தண்ணி காட்டினியா?' என்று கேட்பார். 'உளறாதீங்க அத்தை' என்று எரிந்து விழுவேன். நினைவு வரிசையாக வருவதில்லை என்பது நாவலை முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போதெல்லாம் 'காட்டிட்டேன் அத்தை' என்கிறேன். நிம்மதியாகக் கண்ணை மூடுகிறார். அதற்காக நகுலனுக்கு நன்றி.

ஆனால், ஒரு குறையும் உண்டு. 'சுசீலா, சுசீலா' என்று நவீனன் உருகுகிறானே, அந்தப் பெண்ணுக்கு இவனைப் பற்றி என்ன நினைவு? கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. ஆணின் நினைவில் பெண் வெறும் உருவமாகத்தான் நிற்க வேண்டுமா? என் மாமியாரின் நினைவில் மாடு, கிணறு, அடுப்பு, பிரசவத்தில் போன தங்கை எல்லாம் இருக்கிறது. அந்தப் பாதையை யார் எழுதுவது?

தோழிகளே, பொறுமையிருந்தால் படியுங்கள். படித்ததும், வீட்டுப் பெரியவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

- ஒரு வாசகி, முத்தாபுதுப்பேட்டை.