"மிகவும் திருப்தி"

ரங்கூனில் எங்கள் பசுந்தாங், கால்வாய் ஓரத்துப் பகுதி. வெள்ளைக்காரன் காலத்தில் அரிசி ஆலைகள் வரிசையாக இருந்த இடம். என் பாட்டனார் அங்கே மூட்டை தூக்க வந்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்க உத்தியோகம் பார்த்தது என் அக்காதான். பச்சை லுங்கி, வெள்ளைச் சட்டை... பள்ளிக்கூடத்துச் சயாமா!

நான் படிப்பை முடிக்கவில்லை. 1996 டிசம்பர் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்களைப் பூட்டிவிட்டார்கள். 2000-இல் திறந்தபோது நான் சாப்பாட்டுக்கடை ஆள். இன்று கோலாலம்பூரிலும் அதே பிழைப்பு. ரொட்டி தட்டுகிறவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். அக்காவுக்காக எழுதுகிறேன்.

ஒருமுறை, வேலையில் திருப்தியா என்று கேட்டு அக்காவிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். "மிகவும் திருப்தி" என்று எழுதிக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஆண் ஒருவர் அவளைத் தாண்டி மேலே போன வருஷம் அது.

"ஏங்க்கா இப்படி எழுதின?"

"அம்மா மாதிரி நான் தலையில கூடை சுமக்கலையே தம்பி" என்றாள்.

பிரிட்டன் ஊழியர்களை வைத்து ஆண்ட்ரூ கிளார்க் என்பவர் 1997-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெண்களுக்குச் சம்பளமும் பதவியும் குறைவு, ஆனால் திருப்தி ஆண்களைவிட அதிகம். காரணம், அவர்கள் எதிர்பார்ப்பதே குறைவு என்றார் அவர். இளம்பெண்களிடமும் அதிகம் படித்தவர்களிடமும் அந்த வித்தியாசம் காணாமல் போகிறதாம். அக்கா சொன்னதும் இதுதானே!

இந்த எதிர்பார்ப்பைக் குறைத்து வைப்பது யார்? பர்மாவில் ராணுவம் கொண்டுவந்த 2008 அரசியல் சட்டத்தின் 352-ஆம் பிரிவைப் பாருங்கள். அரசாங்க வேலையில் ஆண் பெண் பேதம் கிடையாது என்று தொடங்கி, ஆண்களுக்கு மட்டுமே பொருத்தமான பதவிகளுக்கு ஆண்களை நியமிக்கத் தடையில்லை என்று முடிகிறது. எந்தப் பதவி ஆணுக்கு மட்டும் பொருத்தம்? அதைச் சொல்லவில்லை. நாற்காலியில் இருப்பவன் சொல்வதுதான் பொருத்தம்.

பர்மா மட்டுமா? இலங்கையில் 2020-இல் முதன்முதலாக ஒரு பெண் டி.ஐ.ஜி. ஆனார். பெண்ணுக்கு அந்தப் பதவி விதியில் இல்லை என்று சொல்லி ஆண் அதிகாரிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. டீச்சர்கள், நர்சுகள், ரயில்வே ஊழியர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். அந்த மே மாதத்துக்குள் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை இடைநீக்கம் செய்தார்கள். பர்மாவில் டீச்சர் என்றால் பெரும்பாலும் பெண்தான். அவர்களில் எத்தனை பேர் முன்பு "திருப்தி" என்று எழுதிக் கொடுத்தவர்களோ...

அக்காவும் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. சம்பளம் நின்றது. நான் அனுப்பும் ரிங்கிட்டில் வீடு ஓடுகிறது. வருத்தமா என்று போனில் கேட்டேன்.

"தம்பி, அந்தத் தாளை இப்ப கொடுத்தா வேற மாதிரி எழுதுவேன்" என்றாள்.

பெண்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எந்த அலுவலகமாவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். திருப்தியா என்று கேட்பதற்கு முன்னால், உனக்கு என்ன கிடைத்திருக்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள்.