கேடயம் கொடுத்தோம், கணக்கைக் கொடுத்தோமா?

ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளிவந்த சில வாரங்களில் நம் ஊர்களில் ஒரு விழா நடைபெறும். ஜமாஅத் தலைவர் தலைமை தாங்குவார், கிராஅத் ஓதப்படும், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்ற மாணவ மாணவியருக்குக் கேடயமும் பணமுடிப்பும் வழங்கப்படும். பேச்சாளர் ஒருவர் எழுந்து, "இயற்கணிதத்தை உலகுக்கு வழங்கிய அல் குவாரிஸ்மியின் வழித்தோன்றல்கள் நாம்!" என்று முழங்குவார். கைதட்டல் மண்டபத்தை நிறைக்கும். பிறகு விருந்துண்டு கலைவோம்.

இவ்விழாக்களை இழித்துரைப்பது என் நோக்கமன்று. படித்த பிள்ளையை ஊர் கூடி வாழ்த்துவது நல்ல மரபே. ஆயினும் ஒரு கேள்வியை அடக்கிக்கொள்ள இயலவில்லை. மேடையேறிய அந்தப் பிள்ளை பதினொரு வயதில், பள்ளிக் கணக்குகளை எல்லாம் கால்மணி நேரத்தில் முடித்துவிட்டு, செய்வதற்கு வேறொன்றும் இன்றிச் சன்னலை வெறித்துக்கொண்டிருந்ததே, அன்று நாம் எங்கே இருந்தோம்? அதே வகுப்பில், கணக்கென்றாலே அஞ்சி ஒடுங்கிய வேறொரு பிள்ளைக்கு, "இவனுக்கு இவ்வளவுதான்" என்று முடிவு கட்டிய போது யார் மறுத்துரைத்தோம்?

வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் வழங்கத் தவறும் பெருஞ்செல்வம் கடினமான கணக்கே என்பது என் வாதம். நோட்டுப் புத்தகம் தருகிறோம், சீருடை தருகிறோம், கட்டணம் செலுத்துகிறோம். அறிவை உரசிப் பார்க்கும் ஒரு கணக்கை மட்டும் தருவதில்லை.

இன்று நம் கல்வி உதவிகள் இரண்டு வகையாக நடைபெறுகின்றன. தேர்ச்சி பெறத் தடுமாறுவோர்க்கு மாலை நேரத் தனிப்பயிற்சி ஒன்று. மருத்துவம், பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்கான பயிற்சி மற்றொன்று. இரண்டும் வேண்டியவையே. ஆனால் முன்னது பாடநூலின் கணக்கையே மீண்டும் மீண்டும் செய்ய வைக்கிறது. பின்னதோ, தெரிந்த வகைக் கணக்கை இரண்டு நிமிடத்தில் முடிக்கும் வேகத்தைப் பழக்குகிறது. முன்பின் கண்டிராத ஒரு கணக்கின் முன் அமர்ந்து, ஒரு நாள் அன்று, ஒரு வாரம் அதனோடு மல்லுக்கட்டி, தோற்று, மீண்டும் எழுந்து, இறுதியில் தானே விடை கண்டு மகிழும் பயிற்சி இவ்விரண்டிலும் இல்லை. 2007-ஆம் ஆண்டு தமிழக அரசு நமக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளித்தது. அது கதவைத் திறந்தது. கதவுக்கு அப்பால் நடக்கும் கால்வலிமையை அரசாணை தராது.

"தேர்ச்சிக்கே வழியில்லாதவனுக்கு உயர்கணிதமா? முதலில் நடக்கட்டும், பிறகு ஓடலாம்" என்று பெரியவர்கள் கூறுவர். நியாயமான வார்த்தை போல் தோன்றும் இது எவ்வளவு பிழையானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், 1970-களில், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதப் பாடத்தில் பெருந்தொகையினராகத் தோற்றுவந்தனர். காரணம் கேட்டால் ஆசிரியர்கள் ஆயத்தமாக விடை வைத்திருந்தனர்: ஊக்கமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை. யூரி டிரைஸ்மன் என்னும் ஆய்வு மாணவர் இவ்விடைகளை நம்பிவிடாமல், கறுப்பின மாணவர் இருபதின்மரையும் சீன வழியினர் இருபதின்மரையும் உடனிருந்து கவனித்தார். நான்கு காரணங்களும் உடைந்தன. அந்தக் கறுப்பின மாணவர்கள் தத்தம் பள்ளிகளில் சிறந்து விளங்கியவர்கள். அவர்தம் பெற்றோர் பிள்ளைகளின் கல்விக்காக எதையும் செய்யக் கூடியவர்கள். வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. சீன மாணவர்கள் கூடியமர்ந்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்திப் படித்தனர். கறுப்பின மாணவர் இருபதின்மரில் பதினெண்மர் ஒருபோதும் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து படித்ததில்லை. தனியே படித்தனர், தனியே தோற்றனர்.

அதன்பின் டிரைஸ்மன் செய்ததுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. பின்தங்கியோர்க்கான எளிய வகுப்பு எதையும் அவர் தொடங்கவில்லை. தேறியவர்க்கான சிறப்பு வகுப்பு என்ற பெயரிலேயே அவர்களை அழைத்தார். பாடநூலில் உள்ளவற்றினும் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக அமர்த்தி, தமக்குள் வாதிட்டு விடை காணச் செய்தார். அவ்வகுப்புகளில் பயின்ற கறுப்பின மாணவரும் லத்தீன் அமெரிக்க வழி மாணவரும், தம் இனத்துப் பிற மாணவரை மட்டுமல்லாது, வெள்ளையரையும் ஆசிய வழியினரையும் விஞ்சி மதிப்பெண் பெற்றனர்! எளிய கணக்கு தாழ்த்திவைத்தவர்களைக் கடின கணக்கு உயர்த்தியது. "முதலில் நடக்கட்டும்" என்று எந்தக் காலத்திலும் நடக்கவே வைத்துக்கொண்டிருப்பது இரக்கமாகுமா?

இவ்வழியை இன்னும் இளம் பருவத்திலேயே தொடங்கியவர்களும் உளர். நியூயார்க்கில் 2011-ல் தோன்றிய பீம் என்னும் அமைப்பு, வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளை ஏழாம் வகுப்பளவிலேயே தேர்ந்து, கோடை விடுமுறையில் எண்கோட்பாடும் தர்க்கமும் பயிற்றுகிறது. பதினேழு வயதில் தொடங்கும் பயிற்சி பலருக்குக் காலங்கடந்த பயிற்சியே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

"ஆசிரியருக்கு எங்கே போவது?" என்பது அடுத்த மறுப்பு. 1978-ஆம் ஆண்டின் மாஸ்கோவைப் பாருங்கள். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்துக் கணிதத் துறையில் யூத மாணவர்கள் நுழையவொண்ணாதபடி, அவர்களுக்கென்றே விடை காண அரிய வினாக்களை நுழைவுத் தேர்வில் வைத்திருந்த காலம் அது. பெல்லா சுப்போத்தோவ்ஸ்கயா என்னும் பெண்மணி கண்ணீர் விட்டு ஓய்ந்துவிடவில்லை. தம் வீட்டிலேயே, விலக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உயர்கணித வகுப்பைத் தொடங்கினார். சிறந்த கணித அறிஞர்கள் ஊதியமின்றி வந்து கற்பித்தனர். இடத்துக்காக அலைந்தனர், காவல் துறையின் விசாரணைக்கு உள்ளாயினர், 1982-ல் அவ்வம்மையார் வாகனம் மோதி மாண்டார். கட்டடமும் நிதியும் அரசின் தயவும் இல்லாதவர் செய்த பணி அது. கட்டடங்கள் உள்ள நாம் என்ன சொல்லப் போகிறோம்? திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் 1951-லேயே எழுந்துவிட்டனவே! அவற்றைப் போன்ற கல்லூரிகளில் கணிதம் கற்றுத் தேர்ந்த ஆடவரும் பெண்டிரும் நம் ஊர்தோறும் இல்லையா? அவர்களை எந்த ஜமாஅத் இதற்கென அழைத்தது?

"பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்பாரும் உண்டு. ஈரான் நாட்டு மர்யம் மிர்ஸாகானி நடுநிலைப் பள்ளியில் பயின்ற போது, கணக்கில் இவளுக்குத் தனித்திறன் இல்லை என்று அவருடைய ஆசிரியை ஒருவர் கருதினார். பின்னர் உயர்நிலைப் பள்ளியில் அவரும் தோழியும் தலைமையாசிரியையிடம் சென்று, ஆண்கள் பள்ளியில் நடைபெறுவது போன்ற கடின கணக்கு வகுப்பு எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டனர். அதுகாறும் எந்தப் பெண்ணும் அந்நாட்டுக் கணித ஒலிம்பியாட் அணியில் இடம்பெற்றதில்லை. அதையே காரணமாகச் சொல்லித் தலைமையாசிரியை மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. வகுப்பு நடந்தது. 1994-லும் 1995-லும் மிர்ஸாகானி பன்னாட்டு ஒலிம்பியாடில் தங்கம் வென்றார். இரண்டாம் முறை முழு மதிப்பெண். 2014-ல் கணித உலகின் மிகவுயர்ந்த விருதுகளுள் ஒன்றாகிய ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்மணி ஆனார். 2017-ல் தம் நாற்பதாம் வயதில் அவர் மறைந்த போது உலகமே வருந்தியது. கேட்கத் துணிந்த இரு மாணவியரும், கேட்டதைக் கொடுக்கத் துணிந்த ஒரு தலைவியும் இல்லையேல் அவ்வரலாறு இல்லை. நம் ஊரில் கேட்கும் மாணவி இருக்கக்கூடும். கொடுக்கும் தலைமை இருக்கிறதா?

கடைத்தெருவில் வணிகர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கல்லாக் கணக்கு தெரிந்தால் போதாதா? உயர்கணிதம் சோறு போடுமா?" கல்லாக் கணக்கை இன்று இயந்திரம் போடுகிறது, ஐயா! கூட்டவும் பெருக்கவும் மட்டும் தெரிந்தவனுக்குக் கடையிலே கூட இடம் குறைந்து வருகிறது. அவ்வியந்திரத்துக்கு வழிமுறை வகுப்பவனுக்கே இடம் உண்டு. அவ்வழிமுறைக்கு உலகம் வழங்கும் 'அல்காரிதம்' என்ற பெயர், மேடைதோறும் நாம் முழங்கும் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. அவரோ தம் நூலில் சொத்துப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே பெரும்பகுதியை ஒதுக்கினார். வாழ்க்கையும் உயர்கணிதமும் அவருக்கு இரண்டாகத் தெரியவில்லை.

அத்தகைய கணக்கு நம் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. ஒருவர் இறக்கிறார், மனைவி, இரண்டு பெண்மக்கள், தந்தை, தாய் ஆகியோர் வாரிசுகள். மனைவிக்கு 1/8, பெண்மக்கள் இருவருக்குமாக 2/3, தந்தைக்கு 1/6, தாய்க்கு 1/6. கூட்டிப் பாருங்கள்: 24-ல் 3, 16, 4, 4. மொத்தம் 27! இருபத்து நான்கு பங்கில் இருபத்தேழு பங்கை எங்ஙனம் கொடுப்பது? மிம்பரில் நின்று உரையாற்றிக் கொண்டிருந்த ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களிடம் இது வினவப்பட்டது என்றும், உரையை நிறுத்தாமலேயே, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என அவர்கள் விடை பகர்ந்தார்கள் என்றும் மார்க்க நூல்கள் கூறும். பங்குகளை 27 ஆக வைத்து, எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்தால், 27-ல் 3 ஒன்பதில் ஒன்றன்றோ?

இதோடு நிறுத்தினால் அது கதை. மேலே கேட்டால் கணிதம். பங்குகளை 12 ஆக வைத்துத் தொடங்கும் கணக்குகளில் மொத்தம் மிகும் போது 13, 15, 17 என்றே மிகும். 14-ஆகவோ 16-ஆகவோ மிகுவதேயில்லை. ஏன்? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரிடம் இதனைக் கொடுத்து, விடை சொல்லாமல் ஒதுங்கி நில்லுங்கள். 12-ல் பாதி 6, மூன்றில் ஒன்று 4, மூன்றில் இரண்டு 8, ஆறில் ஒன்று 2. எல்லாம் இரட்டை எண்கள். கணவனோ மனைவியோ பெறும் நான்கில் ஒன்று மட்டும் 3, ஒற்றை எண். இறந்தவர் ஒருவரே ஆதலால் அப்பங்கு ஒரு முறைதான் வரும். ஆகவே மொத்தம் என்றும் ஒற்றை எண்ணே! இதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தில் தோன்றும் ஒளிக்கு எந்தக் கேடயம் ஈடாகும்? இதற்குச் செலவான காசு எவ்வளவு?

எனவே நான் வேண்டுவது பெரிதன்று. ஊருக்கொரு கணித வட்டம். மத்ரஸாக் கூடமே போதும். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இருபது பிள்ளைகள். அவர்களில் பாதிப்பேர் பெண்மக்கள். மதிப்பெண் பார்த்துச் சேர்க்க வேண்டாம். ஆர்வம் பார்த்துச் சேர்ப்போம். பிற சமயத்துப் பிள்ளை வந்தால் மனமுவந்து வரவேற்போம். கணிதப் பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் நம் பெண்மணி ஒருவருக்கு நல்ல ஊதியம் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைப்போம். சென்னையில் 1965-ல் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் மாணவர்க்கெனத் திறனறி தேர்வுகள் நடத்துகிறது. அதில் நம் பிள்ளைகள் பங்கேற்கட்டும். பட்டப் படிப்புக்குச் சென்றதும், 1993 முதல் நடைபெற்றுவரும் எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும். இவையெல்லாம் திறந்த கதவுகள். அவை இருப்பதையே நம் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லவில்லை என்பதன்றோ நம் வறுமை!

கும்பகோணத்து இராமானுசன் ஏனைய பாடங்களில் தோற்றதால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். தேர்ச்சிப் பட்டியலில் இடமில்லாத அவ்விளைஞருக்குத் தம் பணத்திலிருந்து திங்கள்தோறும் 25 ரூபாய் கொடுத்தார் நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ். சான்றிதழைக் கேட்டிருந்தால் அவர் கொடுத்திருக்க மாட்டார். கணக்கைப் பார்த்தார், கொடுத்தார்.

சமுதாயப் பெரியீர்! அடுத்த ஆண்டு விழாவுக்கு நிதி திரட்டும் போது, அந்நிதியில் பாதியை மேடைக்கு முன்னரே செலவிடுங்கள். முடித்து வந்தவனுக்கு மாலை சூட்டுங்கள். வேண்டாமென்று எவரும் சொல்லார். அதற்கு முன், பதினொரு வயதில் சன்னலை வெறித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையில் ஒரு கடினமான கணக்கைக் கொடுங்கள். அல் குவாரிஸ்மிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் கைதட்டலால் தீராது.