வாங்கில் இருந்த 76,146 பிள்ளைகள்

லண்டன் பள்ளிக்கூடங்களை வைத்து நடந்த கலை முயற்சிகளில் என் மனதில் நிற்பது ஸ்ரீவ் மக்குயினின் 'இயர் 3'. முடிந்து சில வருடங்களாகிவிட்டன. இப்போது ஏன் அந்தக் கதை என்று கேட்பீர்கள். அதில் படம் பிடிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு 2027 இல் ஜிசிஎஸ்ஈ பரீட்சை. எந்தப் பாடம் உதவும், எது வீண் என்று எங்கட வீடுகளில் வாக்குவாதம் நடக்கிற வயது. அதனால்தான்.

விசயம் சின்னன். 7, 8 வயதுப் பிள்ளைகள், ஆசிரியர், ஒரு வாங்கு, பள்ளிக்கூட மண்டபம். வருடாவருடம் எடுக்கிற அதே வகுப்புப் படம்தான். ஆனால் 1,504 பள்ளிக்கூடங்கள், 3,128 படங்கள், 76,146 பிள்ளைகள். 2019 நவம்பர் 12 இல் ரேற் பிரிட்டனில் கண்காட்சி தொடங்கியது. அதே மாதம் நகரமெங்கும் சுமார் 600 விளம்பரப் பலகைகளிலும் நிலக்கீழ் ரயில் நிலையங்களிலும் இந்தப் படங்கள் தொங்கின. காரும் கைத்தொலைபேசியும் விற்கிற இடத்தில் பல்லு விழுந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். 2020 மார்ச்சில் கோவிட் வந்து கதவை மூடியது.

நான் போய்ப் பார்த்தேன். அனுமதி இலவசம். நிலத்திலிருந்து மேலே வரைக்கும் சுவர் முழுக்கப் படங்கள். காசு கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடம், அரசாங்கப் பள்ளிக்கூடம், விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே அளவு, ஒரே சட்டம். ஒருவருக்கும் நடுவிடம் இல்லை. எங்கட பிள்ளைகளின் முகங்களும் இடைக்கிடை தெரிந்தன.

இதைச் செய்தவரைப் பாருங்கள். பெற்றோர் கிரெனடாவிலும் டிரினிடாட்டிலும் இருந்து வந்தவர்கள். 13 வயதில் தன்னைக் கைவேலைக்கென்று ஒதுக்கிய வகுப்பில் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு 1999 இல் ரேர்னர் பரிசு, 2014 இல் ஒஸ்கார். 7 வயதில் ஒரே வாங்கில் இருந்தவர்களைப் பிறகு பிரித்து அடுக்குவது யார் என்ற கேள்வி அந்தச் சுவர் முழுக்க இருந்தது.

இனி எங்கட பக்கம். ரியூசனுக்குக் கொடுக்கிறோம். அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்து ஆயிரக்கணக்கான பவுண் செலவழிக்கிறோம். அது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிக்கப் போகிறேன் என்றால் முகம் சுளிக்கிறோம். மேடையில் எங்கட பிள்ளை தனிய நிற்கிற கலை மட்டும்தான் எங்களுக்குக் கலை. எங்களை மட்டும் குற்றம் சொல்லவும் ஏலாது. 2010 இல் இங்கிலாந்தில் கொண்டுவந்த ஈபாக் பாடப் பட்டியலிலும் சித்திரம், சங்கீதம், நாடகம் எதற்கும் இடமில்லை. அந்த முறையைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது 2025 நவம்பரில்தான். 15 வருடத்தில் எத்தனை பிள்ளைகளின் ஆசை போயிருக்கும்?

வகுப்புப் படத்தின் பெறுமதி எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் உறுதியும் நகையும் எடுத்தார்கள். சுவரில் தொங்கிய படத்தை எத்தனை பேர் எடுத்தார்கள்? என்னுடைய மூன்றாம் வகுப்புப் படமும் வீட்டோடு போனது. என்னோடு இருந்தவர்களில் யார் கனடாவில், யார் மண்ணுக்குள் என்று விரல் வைத்து எண்ண இன்று ஒரு கடதாசியும் இல்லை.

இதற்கு ஒஸ்கார் வாங்கினவர் தேவையில்லை. லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் எத்தனையோ இருக்கின்றன. பரிசு வாங்குகிற பிள்ளையை மட்டும் படமெடுக்காமல், வருடத்துக்கு ஒருமுறை முழு வகுப்பையும் வாங்கில் இருத்தி ஒரு படம் எடுங்கள். பின்பக்கத்தில் பெயர்களையும் திகதியையும் எழுதி, பள்ளிக்கூடத்திலேயே கவனமாக வையுங்கள். 20 வருடம் கழித்து அதைத் தேடி யாராவது கட்டாயம் வருவார்கள்.