சரிவுக்கும் சமவெளிக்கும் ஒரே தொகையா?
திராட்சைக் கொடிகளை நிரந்தரமாக அகற்ற ஹெக்டேருக்கு 4,000 யூரோ தருவதாக 2024-இல் பிரெஞ்சு அரசு அறிவித்தது. மது விற்பனை சரிந்துவரும் நாட்டில் இது நியாயமாகத் தோன்றலாம். ஆனால், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ரூசியோனுக்கும் இதே அளவுகோல் பொருந்துமா என்பது என் ஐயம்.

நொதித்தல் முடியுமுன் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்துப் பழத்தின் இனிப்பைத் தக்கவைக்கும் பன்யூல்ஸ், மோரி மதுக்கள் அங்குதான் உருவாகின்றன. பன்யூல்ஸில் கொடிகள் நிற்பது கடலோரச் செங்குத்துச் சரிவுகளில், கற்சுவர் எழுப்பிய படிநிலங்களில், பெரும்பாலும் கைவேலைதான். 2022 முதல் நீடித்த வறட்சி விளைச்சலையும் பறித்தது. முதிய விவசாயி தொகையைப் பெற்று விலகுவதைக் குறைகூற இயலாது. ஆனால், பேண ஆளின்றிச் சுவர் இடிந்தால் மழை மண்ணை அரித்துவிடும். புதர் மண்டினால் காட்டுத்தீ ஊர்வரை வரும். அகற்றுவோருக்குத் தரும் நிதியில், சரிவில் கொடியைக் காப்போருக்கும் பங்கு ஒதுக்குவதே முறை.