முத்திரையைத் தேய்த்து அழிக்காதீர்கள்

ராயகிரி போன்ற மலையடிவார ஊர்களில் வீட்டைக் காலி செய்யும்போது தாத்தா காலத்துப் பெட்டியிலிருந்து மடக்குக்கத்தி ஒன்று வெளியே வந்தால், அதைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அலகை விரித்து, அது கைப்பிடியோடு சேரும் அடிப்பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கத்தியின் பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருந்தால், அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. கிரீடத்தோடு ‘வி ஆர்’ என்ற எழுத்துகள் விக்டோரியா ராணியைக் குறிப்பவை. ‘ஜி ஆர்’ என்றால் ஜார்ஜ் மன்னர்கள். ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயரும் இருந்தால், அது பெரும்பாலும் 1890-க்குப் பிந்தையது. அந்த ஆண்டு அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம்தான் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. இவ்வளவு சேதியும் ஒரு நகக்கண் அளவு இடத்தில் இருக்கிறது. சாணைச் சக்கரத்திலோ உப்புத்தாளிலோ கொடுத்தால் ஒரே நிமிடத்தில் அத்தனையும் போய்விடும். கறுத்த நிறம் கத்தியின் வயது, அது இருக்கட்டும். துருவை மட்டும் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். மான் கொம்பு, யானைத் தந்தக் கைப்பிடி என்றால் விற்க நினைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. மற்றக் கத்திகளுக்கும் விலை கேட்பதற்கு முன், கத்தியை யார் வைத்திருந்தார், எதற்குப் பயன்படுத்தினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கத்திக்கு ஊர் உண்டு, உறவு இல்லை.