கொல்லை மரமும் கோடரியும்

சென்ற மாதம் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, நெசவாளர் சங்க அங்கத்தினர் ஒருவர் என்னைத் தம் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். அவருடைய தகப்பனார் நட்ட பூவரசு அங்கே ஓங்கி நின்றது. "தறிச் சட்டம் உளுத்துவிட்டது, ஐயா. இதை வெட்டினால் காசில்லாமல் மரம் கிடைக்குமல்லவா?" என்று கேட்டார். இக்கேள்வி அவர் ஒருவருக்கே உரியதன்று. ஆகையால் என் கருத்தை அங்கத்தினர் அனைவருக்கும் எழுதுகிறேன்.

கொல்லை மரம் காசில்லாமல் கிடைப்பதன்று. வெட்டுக்கூலி, வண்டிச்சத்தம், அறுப்புக்கூலி மூன்றையும் கூட்டி, பதப்பட்ட மரத்தின் கடை விலையோடு ஒப்பிட்ட பின்னரே கோடரியைத் தொட வேண்டும். பருமனைக் கண்டும் மயங்கலாகாது. சட்டத்துக்கு உதவுவது நடுவிலுள்ள வைரமே. அதைச் சுற்றியுள்ள வெளிறு பூச்சிக்கு இரையாகும். முற்றிய பூவரசிலும் வேம்பிலும் வைரம் உண்டு; இளமரத்தில் அது சொற்பம். முருங்கை எவ்வளவு பருத்தாலும் பலகைக்கு ஆகாது. கொடி கட்டுவதற்காக என்றோ அடித்த ஆணி உள்ளே புதைந்திருந்தால், வாளின் பல் முறியும், அறுப்பவருக்கும் ஆபத்து.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, பச்சை மரத்தில் தறி செய்வது. மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் சட்டம் கோணும். பாவின் இழுப்பு ஒருபுறம் ஏறும். துணியின் கரை நேர் நில்லாது. பலகைகளின் முனையில் மெழுகு பூசி, இடையிடையே குச்சி வைத்து, நிழலில் காற்றாட அடுக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. ஆகவே, இன்று உளுத்த தறிக்கு இன்று வெட்டிய மரம் உதவாது. அதுவரை தறி நின்றால் கூலியும் நிற்கும்.

அந்த அங்கத்தினருக்கு நான் கூறியது இதுதான்: இப்போதைக்குப் பதப்பட்ட மரம் வாங்கிச் சட்டத்தைச் செப்பனிடுங்கள். பூவரசு நிற்கட்டும், அதன் நிழலில் உங்கள் வீட்டார் தார் சுற்றுகிறார்கள், அதன் தழை வயலுக்கு உரமாகிறது. பட்ட மரத்தையும் சுவரைப் பெயர்க்கும் மரத்தையும் வெட்டத் தயங்க வேண்டியதில்லை. சந்தனமாயின் வனத்துறையின் அனுமதியின்றித் தொடலாகாது.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், நாலைந்து அங்கத்தினர் சேர்ந்து ஒரே நாளில் அறுப்பு வைத்து, பலகைகளைச் சங்கக் கட்டடத்தின் நிழலில் ஒன்றாக அடுக்கலாம். செலவு பங்காகும், அவசரமும் அடங்கும். வெட்டுகிறவர் ஒன்றுக்கு இரண்டாகக் கன்று நடுவாராக. தகப்பனார் நட்டதை நாம் அறுக்கிறோம். நம் பிள்ளைகளுக்கும் ஏதேனும் நிற்க வேண்டாமா?